கோட்டைக்குள் இருந்தவர் யாவர்?

பெரும்படையொன்று நாற்புறமும் சூழ்ந்து நிற்க, சிறு தொகையினர் கோட்டையொன்றினுள் அடைபட்டு, பணிய மறுத்து, கடைசி ஆள்வரை நின்று மடிந்தனர் என்ற கதை எந்த நாட்டிலும் விலைபோகும் கதையாகும். கேட்குந்தோறும் உடல் சிலிர்க்கிறது. அவ்வாறு சிலிர்ப்பதில் நாம் வெட்கப்பட வேண்டியது ஏதுமில்லை. அநீதியின் முன் தலை வணங்காதவனை வியப்பது மனித இயல்பு. ஆயினும் அச்சிலிர்ப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று ஒருமுறையேனும் கேளாதிருப்பது, கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டோருக்கும் கற்க வந்தோருக்கும் தகாது. அக்கராயன் குளத்துக்கு அண்மையில், ஸ்கந்தபுரத்திலே இருந்துகொண்டு இதனை எழுதும் நமக்கு அது சற்றும் தகாது.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'அலமோ' என்னும் படத்தை நாம் இவ்விடத்து எடுத்துக்கொள்கிறோம். கௌபோய்ப் படங்களின் தனிப்பெரும் நாயகராக விளங்கிய ஜோன் வெய்ன் தாமே தயாரித்து, தாமே நெறிப்படுத்தி, தாமே நடித்த படம் அது. ரெக்சாஸ் மாநிலத்துப் பிராக்கெற்வில் என்னும் ஊருக்கு அருகே கோட்டையையே மறுபடி கட்டியெழுப்பி, ஏறத்தாழ 120 லட்சம் டொலர் செலவிட்டு எடுத்தார். சிறந்த படத்துக்கான பரிந்துரை உட்பட ஏழு ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. முடிவில் ஒலிப்பதிவுக்கான பரிசு ஒன்றே வந்தது. டிமித்ரி தியொம்கின் அமைத்த இசை மனத்தை விட்டு எளிதில் நீங்குவதன்று. எதிரிப் படையையும் கோழைகளாகக் காட்டாது மிடுக்குடனே காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. கலை என்ற அளவில் படம் நீளமானது, பேச்சு மிகுந்தது. எனினும் இறுதி அரைமணி நேரத்தின் போர்க்காட்சிகளை எவரும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

கதை வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1836ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் தேதி, மெக்சிக்கோவின் அதிபர் சந்தா அன்னா தம் சேனையுடன் சான் அந்தோனியோ நகருக்கு வந்து சேர்ந்தார். பழைய கிறித்தவ மடமொன்றைக் கோட்டையாக்கிக்கொண்டு ஏறத்தாழ இருநூறு பேர் அதனுள் புகுந்திருந்தனர். 26 வயதே நிரம்பிய திராவிஸ் என்னும் வழக்கறிஞர் தலைமை தாங்கினார். கத்திக்குப் பெயர்போன போவி, தென்னசி மாநிலத்தின் முன்னாள் மக்கள் பிரதிநிதியான குரொக்கெற் ஆகியோரும் இருந்தனர். பதின்மூன்று நாட்கள் முற்றுகை நீடித்தது. மார்ச் 6ஆந் தேதி விடியுமுன் மதில் தாண்டப்பட்டது. ஆயுதந் தாங்கியோர் மாண்டனர். ஏறக்குறைய ஆறு வாரங்கள் கழித்து, சான் யசிந்தோ என்னுமிடத்தில், அலமோவின் பெயரையே போர்முழக்கமாகக் கொண்டு ரெக்சாஸ் படை சந்தா அன்னாவை வென்றது.

படத்தில் குரொக்கெற்றாக வரும் ஜோன் வெய்ன் 'குடியரசு' என்ற சொல்லின் இனிமையைப் பற்றி நெஞ்சுருகப் பேசுகிறார். அந்தக் குடியரசு எத்தகையது என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை. மெக்சிக்கோ 1829ஆம் ஆண்டிலேயே, கறுப்பின வழிவந்த தன் அதிபர் குவெரெரோவின் ஆணையால் அடிமை முறையை ஒழித்தது. பருத்தித் தோட்டங்களுக்கு அடிமைகளைக் கொண்டுவந்து குடியேறியிருந்த அமெரிக்கர் கூச்சலிட்டதால் ரெக்சாஸ் மாத்திரம் அதனின்று விலக்களிக்கப்பட்டது. 1836 மார்ச்சில், முற்றுகை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ரெக்சாஸ் விடுதலைப் பிரகடனம் கையொப்பமாயிற்று. அதே மாதம் இயற்றப்பட்ட அரசியலமைப்போ அடிமை முறையைச் சட்டமாக்கியது. அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே இல்லை என விதித்தது. விடுதலை பெற்ற கறுப்பர் அனுமதியின்றி அந்நாட்டில் வாழலாகாது எனவும் கூறியது. மத்திய அரசின் அடக்குமுறைக்கு எதிரான நியாயமான மனக்குறைகளும் ரெக்சாஸ் மக்களுக்கு இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. மெக்சிக்க வழிவந்த தமிழறியாத் தோழர்களும் அம்மதிலுக்குள்ளே உயிர்விட்டனர். தூதனாக வெளியே அனுப்பப்பட்டதால் தப்பிய ஹுவான் செகுயின் பின்னர் சான் யசிந்தோவிலும் போரிட்டார். ஆறாண்டுகள் கழித்து, தாம் விடுவித்த நாட்டிலிருந்தே விரட்டப்பட்டு மெக்சிக்கோவுக்கு ஓடினார். விடுதலை என்ற சொல் ஒருவர் வாயில் நின்று ஒலிக்கும்போது அதற்குள் எவ்வெவர் அடங்குவர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இச்செய்திகள் நமக்குத் தருகின்றன.

நமது கேள்விக்கு மிக நெருங்கிய காட்சி ஒன்று படத்திலே உண்டு. போவிக்கு ஜெத்ரோ என்ற முதிய அடிமை ஒருவன் இருக்கிறான். இறுதித் தாக்குதலுக்கு முன் போவி அவனுக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்து, நீ போகலாம் என்கிறான். ஜெத்ரோ போகவில்லை. தான் இப்போது சுதந்திர மனிதனாகையால், இங்கே தங்குவதும் தன் சுதந்திரமே என்று வாதிட்டுத் தங்குகிறான். பின்னர் நோயுற்றுக் கிடக்கும் எசமானன் மேல் பாய்ந்து விழுந்து, அவனுக்காகக் குத்துப்பட்டுச் சாகிறான். பார்ப்போர் கண்ணீர் விடுகின்றனர்.

வரலாற்றிலும் அக்கோட்டைக்குள் அடிமைகள் இருந்தனர். அவர்களுள் ஒருவன் பெயர் ஜோ, திராவிசின் உடைமை, இருபது வயது கடந்த இளைஞன். அவனுக்கு எவரும் பத்திரம் கொடுக்கவில்லை. எசமானன் வீழ்ந்தபின் உயிர் தப்பினான். ரெக்சாஸ் அமைச்சரவையின் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, திராவிஸ் எவ்வாறு இறந்தார் என்று சாட்சி சொன்னான். அலமோவின் இறுதி மணித்துளிகளைப் பற்றி உலகு அறிந்தவற்றுள் கணிசமான பகுதி அவன் வாய்மொழியே. சாட்சி முடிந்ததும் திராவிசின் மரணசொத்தின் ஒரு பொருளாக அவனைத் திருப்பி ஒப்படைத்தார்கள். 1837 ஏப்பிரல் 21ஆந் தேதி, சான் யசிந்தோ வெற்றியின் முதலாம் ஆண்டு நாளிலே, ஜோ ஓடிப்போனான். பிடித்துத் தருவோருக்கு 50 டொலர் என்று பத்திரிகையிலே விளம்பரம் செய்தார்கள்.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஜோன் வெய்ன் படமெடுத்தபோது ஓடிப்போன ஜோ அவருக்குத் தேவைப்படவில்லை. தங்கிச் செத்த ஜெத்ரோவே தேவைப்பட்டான். இப்படத்தை இங்கே மாணவர் சிலருடன் பார்த்தபோது மாணவி ஒருத்தி, "அந்த ஐயா ஏன் சேர் போகேல்ல? போகச் சொன்னவைதானே?" என்று கேட்டாள். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. வேறொரு மாணவன், போனால் படம் முடிந்துவிடும் என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னதில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

போனால் படம் முடிந்துவிடும். போக முடியாதிருந்தாலும் படம் முடிந்துவிடும். இதுதான் நாம் ஆராய விரும்பும் முடிச்சு. அலமோவைப் பற்றி ரெக்சாஸ் பிள்ளைகள் யாவரும் அறிந்த ஐதிகம் ஒன்று உண்டு. திராவிஸ் தம் வாளால் நிலத்திலே கோடொன்று கீறி, என்னுடன் சாக விரும்புவோர் கோட்டைத் தாண்டி வருக, மற்றையோர் போகலாம் என்றாராம். யாவரும் தாண்டினர், ரோஸ் என்ற ஒருவன் மாத்திரம் தாண்டாது இரவோடிரவாகச் சுவரேறிப் போனானாம். இக்கதை முதன்முதலில் அச்சேறியது 1873ஆம் ஆண்டில், முற்றுகை முடிந்து 37 ஆண்டுகளுக்குப் பின்னர். வரலாற்றாசிரியர் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். உண்மையோ பொய்யோ, இக்கதை ஏன் வேண்டியிருந்தது? கதவு அடைபட்ட வீட்டினுள் எரிந்துபோனவனை நாம் வீரனென்று அழைப்பதில்லை. அவனுக்காக இரங்குகிறோம், தீ வைத்தவனைத் தேடுகிறோம். கதவு திறந்திருந்தும் வெளியேறாது, உள்ளே கிடந்த பிறனொருவனைத் தூக்க முனைந்து எரிந்தவனையே வீரன் என்கிறோம். ஆகவே சாவைத் தியாகமாக்க வேண்டுமாயின் கதையிலே கதவொன்று இருந்தாகவேண்டும். இல்லாவிடின் கதை சொல்பவன் அதனை வரைந்துகொள்ள வேண்டும். திராவிசின் கோடு அத்தகைய கதவு. ஜெத்ரோவின் பத்திரமும் அத்தகையதே. ரோசுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. ஒருவனாவது போயிருந்தாலன்றி மற்றையோர் தாமாகவே தங்கினர் என்பது நிறுவப்படாது. அவனைக் கோழையென்று பழித்த நாடு அவனுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

இதனால், தியாகம் என்ற சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டென்பதைக் கதை சொல்வோர் தாமே ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர். போகக்கூடியவன் போகாதிருந்தானா என்பதே நிபந்தனை. அதனை ஆளாளாகக் கேட்க வேண்டும். கோட்டை முழுவதற்கும் சேர்த்து ஒரே விடையாகச் சொல்லிவிட இயலாது. அலமோவில் திராவிசுக்கு ஒரு விடை, அவருடைய ஜோவுக்கு வேறொரு விடை. கோயிலறையொன்றில் குழந்தைகளை அணைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இன்னொரு விடை. படத்தில் பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் முன்கூட்டியே வண்டிகளில் வெளியேற்றப்படுகின்றனர். போவதா நிற்பதா என்று தயங்கும் கணவனைப் பார்வையிழந்த மனைவியே நிற்கும்படி வற்புறுத்துகிறாள். எவ்வளவு வசதியான காட்சி! தாக்குதல் தொடங்குமுன்னரே பார்ப்பவரின் மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுக்கப்பட்டுவிடுகிறது.

அமெரிக்கரைப் பற்றியே பேசிக்கொண்டிருத்தல் நேர்மையன்று. அலமோவுக்கு ஓராண்டு முன்னர், 1959இல், பி. ஆர். பந்துலு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை எடுத்தார். அதிலே நடித்தமைக்காகச் சிவாஜி கணேசன் 1960இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே பரிசு பெற்றார். அப்படத்தின் வசனங்களை மேடையிலே முழங்காத பாடசாலை ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு காலத்தில் அரிது. கும்பினியாருக்கு எதிராக நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் நியாயம் அலமோவின் நியாயத்திலும் பார்க்க எத்தனையோ மடங்கு உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், நியாயம் உயர்ந்ததாயிருப்பதனாலேயே கோட்டைக்குள் இருந்த குடிமக்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா?

கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். 1801இல் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிவந்து, மிகச் சில நாட்களிலேயே மண்கோட்டையை மறுபடி எழுப்பினான். ஆங்கிலேயர் முதலில் தோற்று, பின்னர் பீரங்கிகளுடன் வந்து, மே மாதத்தில் அதனைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். அப்போரில் பங்குகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி தம் நினைவுக்குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். கோட்டை வீழ்ந்தபின் பெண்கள் தத்தம் ஆட்களைத் தேடிப் பிணங்களிடையே வந்தனர். ஒரு தாய் தன் மகனைக் குற்றுயிராகக் கண்டாள். மகனோ, என்னை விடு, அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். தேடி வந்தவர்களிடம் அம்மை நோய் என்று சொல்லி மறைத்தாள். எதிரியையே வியக்கவைத்த செயல் அது. நாமும் வியக்கிறோம். ஆயினும் அவள் களத்துக்கு வந்தது தன் மகனைத் தேடி. அவளை வரலாறு நினைவில் வைத்திருப்பது வேறொருவரின் உயிருக்காக. ஊமைத்துரையின் பெயர் இருக்கிறது, வெல்ஷின் பெயர் இருக்கிறது. அந்தத் தாயின் பெயரை அந்நூல் நமக்குத் தரவில்லை.

இக்கேள்வி மேனாட்டாரிடம் கடன் வாங்கியதென்று எவரேனும் கருதக்கூடும். அவர்கள் புறநானூற்றின் 44ஆம் பாட்டைப் புரட்டிப் பார்ப்பாராக. சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடந்தான். நொச்சித் திணை, உழிஞைத் திணை என்று முற்றுகைப் போருக்கெனவே இலக்கணம் வகுத்த மரபு நமது மரபு. மதிலைப் பாட வேறெவரும் தேவையில்லை. ஆனால் கோவூர் கிழார் மதிலைப் பாடவில்லை. கோட்டைக்குள் யானைகள் நீரின்றி வாடுவதையும், பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும், மகளிர் பூவற்ற தலையராயிருப்பதையும், குடிநீரின்றி வீடுகளில் எழும் கூக்குரலையும் மன்னன் முன் வைக்கிறார். அறவழி நிற்பவனாயின் கதவைத் திறந்து கொடு. மறவனாயின் திறந்து வெளியே வந்து பொரு. இரண்டுமின்றி உள்ளே ஒளிந்துகிடத்தல் நாணத்தக்கது என்கிறார். இதனை அவர் அடைபட்டிருந்த மன்னனின் முகத்துக்கு நேரே கூறினார் என்பது மனங்கொளத்தக்கது. முற்றுகையிட்டவன் குற்றமற்றவன் என்பது அதன் பொருளன்று. அடுத்த பாட்டிலே இருவரையும் ஒருங்கே நோக்கி, தோற்பது எவராயினும் உங்கள் குடியே என்று அவரே இடித்துரைக்கிறார். இரு திறத்தாரிடமும் அவ்வாறு பேசிய புலவனின் தலை தோளிலேயே இருந்தது. நமது காலம் அந்த வசதியை எல்லோருக்கும் அளித்ததென்று சொல்வதற்கில்லை.

இனி வன்னிக்கு வருவோம். பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததையும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆந் தேதி கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதையும் நமது மாணவர் அறிவர். அத்தோல்வியைக் கல்லிலே பொறித்து நாட்டியவர் ஆங்கிலேயர்; அதனைத் தமிழர் வீரத்தின் சின்னமாக மாற்றிக்கொண்டவர் நாம். அது நமது உரிமை. பேசக் கடினமானது 2008, 2009 ஆகிய ஆண்டுகளின் முற்றுகையாகும். கடினமென்பதால் அதனைக் கட்டுரையின் கடைசி வரிகளுக்கு ஒதுக்கி நழுவிவிட நாம் விரும்பவில்லை.

1996இல் படையினர் கிளிநொச்சியைப் பிடித்தபோது இடம்பெயர்ந்தோர் வந்து தங்கிய ஊர்களுள் ஸ்கந்தபுரமும் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2008இல், ஸ்கந்தபுரமே இடம்பெயர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்காக, ஊர் ஊராக, கூரைத் தகட்டையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சனங்கள் நகர்ந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பினரையும் பிற உதவி நிறுவனங்களையும் வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. போகவேண்டாமென்று கிளிநொச்சியிலே அவர்களுடைய வாசலில் நின்று மக்கள் கெஞ்சினர். அவர்கள் போயினர். 2009 சனவரி 2ஆந் தேதி கிளிநொச்சி நகர் வீழ்ந்தது. சனவரியில் ஒன்று, பெப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என மூன்று முறை அரசாங்கம் பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. ஒவ்வொன்றும் முன்னையதிலும் சிறியது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில், மக்களை அவ்வலயங்களுக்குள் வரச்சொல்லிய படையினரே அவற்றின் மீதும் வைத்தியசாலைகள் மீதும் எறிகணை வீசியதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு எனக் கண்டது. இறந்த குடிமக்களின் தொகை 40,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது. எழுபதினாயிரம் பேரளவிலேயே உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லி அந்தக் கணக்குக்கே உணவு அனுப்பப்பட்டது. முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 280,000க்கு மேற்பட்டோர்.

அதே அறிக்கை மற்றொன்றையும் கூறியது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடவில்லை. மக்களைத் தமக்கும் படைக்கும் இடையே ஒரு மதிலாக வைத்திருந்தனர். பெப்ரவரியிலிருந்து, தப்பிச் செல்ல முயன்றோரைச் சுட்டனர். சிறுவரையும் கட்டாயமாகப் போருக்குச் சேர்த்தனர். இவற்றை அறிய வன்னி மக்களுக்கு எந்த அறிக்கையும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளை மறைப்பதற்காக நிலத்தைத் தோண்டிய பெற்றோரும், பராயமடையாத மகளுக்கு அவசரமாகத் தாலி கட்டுவித்த பெற்றோரும் நமது ஊர்களில் இன்றும் வாழ்கின்றனர்.

யாருக்குக் கதவு இருந்தது என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். வன்னியைவிட்டு வெளியேற வேண்டுமாயின் பல ஆண்டுகளாகவே 'பாஸ்' எடுக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். கொழும்பிலே உறவு, வெளிநாட்டிலே பணம், இயக்கத்திலே செல்வாக்கு உடையோர் ஏதேனும் ஒரு வழியால் முன்னரே வெளியேறினர். எஞ்சியோர் எவர்? 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் அடித்து விரட்டப்பட்டுக் காடு வெட்டிக் குடியேறியோர், காணி உறுதி இல்லாதோர், கூலிக்குக் களை பிடுங்குவோர், கடற்றொழிலாளர். முற்றுகை என்பது புவியியற் செய்தி மாத்திரமன்று, வர்க்கச் செய்தியுமாகும் என்று நாம் கூறுவது வறட்டுச் சூத்திரம் ஒப்புவிப்பதற்காக அன்று. உள்ளே இருந்தோரின் பட்டியலை யாரேனும் எழுதிப் பார்த்தால் அதுவே அதனைச் சொல்லும். இந்தக் குடும்பங்களின் சாவைக் கடல் கடந்த நகரங்களிலே மண்டபங்களில் இருந்து பாடியவர்களுள் பலர், தம் பிள்ளைகளைப் பாதுகாப்பாகப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களது துயரம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிறனுடைய பிள்ளையின் சாவைத் தன்னுடைய தியாகமாகக் கணக்கெழுத எவருக்கும் உரிமை கிடையாது.

முற்றுகையிட்டவர்களுடைய தருக்கத்தையும் சற்று நோக்குவோம். மக்களைப் புலிகள் பிடித்து வைத்திருந்தமையாலேயே மக்கள் இறந்தனர் என்றது அரசாங்கம். தன் எறிகணைக்கான பொறுப்பை மற்றையவன் கட்டிய மதிலின் மேல் சாத்தியது. படையினர் கொல்வர் என்பதனாலேயே மக்களை விடவில்லை என்றனர் மறுதரப்பினர். தம் துப்பாக்கிக்கான பொறுப்பை எதிரியின் பீரங்கி மேல் சாத்தினர். இரு வாதங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது விழும். ஆயினும் இரு தரப்பையும் ஒரே தராசுத் தட்டில் இட்டு, இருவரும் சமம் என்று கைகழுவுவது நமது நோக்கமன்று. ஓர் அரசு தன் குடிமக்கள் என்று உரிமை கொண்டாடுவோர் மீது, தானே குறித்த வலயத்துக்குள் கனரகக் குண்டு பொழிவது தனியே விசாரிக்கப்படவேண்டிய குற்றம். விடுதலையின் பெயரால் தன் மக்களின் முதுகில் சுடுவதும் தனியே விசாரிக்கப்படவேண்டிய குற்றம். ஒன்று மற்றொன்றுக்குத் தள்ளுபடி ஆகாது.

அப்படியாயின் ஒடுக்கப்பட்டோர் எதிர்த்து நிற்பதே தவறா, பாதுகாக்கத்தக்க கோட்டை உலகில் இல்லையா என்று தோழர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. நாசிச் சேனை லெனின்கிராட் நகரை 1941 செப்டெம்பர் முதல் 1944 சனவரி வரை 872 நாட்கள் சூழ்ந்திருந்தது. பட்டினியாலும் குண்டுகளாலும் இறந்த குடிமக்கள் ஆறு லட்சத்துக்குக் குறையார். அந்நகரைப் பகைவரிடம் ஒப்படைத்திருக்கவேண்டும் என்று மனச்சாட்சியுள்ள எவனும் சொல்லான். ஒப்படைத்திருப்பினும் இட்லர் அம்மக்களை வாழவிட எண்ணியிருக்கவில்லை. ஆனால் அங்கே நடந்த இன்னொன்றையும் பார்க்கவேண்டும். லடோகா ஏரி உறைந்ததும் அதன் பனிக்கட்டி மேல் பாதை போட்டார்கள். உணவை உள்ளே கொண்டுவந்த லொறிகள் திரும்பும்போது மக்களை வெளியே கொண்டுசென்றன. முதற் குளிர்காலத்திலேயே அவ்வழியாக வெளியேற்றப்பட்டோர் ஐந்து லட்சத்துக்கு மேல். தொடக்கத்தில் அதிகாரிகள் தாமதித்தனர், அதனால் பலர் வீணாக இறந்தனர் என்பதும் உண்மையே. எனினும் கோட்டையைக் காப்போர் மக்களுக்காகக் காக்கின்றனரா, மக்களைக் கொண்டு காக்கின்றனரா என்பதை லொறிகள் எத்திசையில் ஓடின என்பதைக்கொண்டு கண்டறியலாம். புதுமாத்தளனிலிருந்தும் செஞ்சிலுவைக் கப்பல்கள் 13,000க்கு மேற்பட்ட காயமுற்றோரையும் அவர்தம் உறவினரையும் ஏற்றிச் சென்றன. காயப்படாதோருக்குக் கப்பல் இருக்கவில்லை.

இனி ஒரு தடை. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. நமது அயலிலே மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, "என்ர பிள்ளை வீரனாச் செத்தவன்" என்கிறாள். அவன் தானாகச் சென்றானா, பிடித்துச் செல்லப்பட்டானா என்று நாம் அவளிடம் கேட்பதா? போகக்கூடியவன் போகாதிருந்தால்தான் தியாகம் என்ற நமது நிபந்தனையை அவள் முன் வைப்பதா? தாமாகவே சென்று, அறிந்தே நின்று மடிந்த இளைஞர்களும் பலர் இருந்தனர்; அவர்களுடைய நெஞ்சுறுதியைச் சிறுமைப்படுத்த நமக்கு என்ன தகுதி? இக்கேள்விகளை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அச்சொல் அந்தத் தாய்க்கு உரியது. அதனை எவரும் அவளிடமிருந்து பறிக்கலாகாது. துயரத்தைத் தாங்குவதற்கு அவள் பற்றிக்கொண்ட கைத்தடி அது. நமது நிபந்தனை அவளுக்கன்று. அவளுடைய கைத்தடியைப் பிடுங்கிக் கொடிமரமாக நடுவோருக்கு. மேடையிற் பேசுவோருக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், படமெடுப்போருக்கும், வகுப்பிலே நிற்கும் நமக்கும் அது பொருந்தும். பாடசாலை நாடகத்தில் பண்டாரவன்னியனாக நடிக்கப் பத்து மாணவர் கை உயர்த்துவர். அக்கோட்டையைச் சுற்றி வயல் செய்தவனாக நடிக்க எவரும் இல்லை, ஏனெனில் நாடகப் பிரதியில் அப்படியொரு பாத்திரமே இல்லை. அதை எழுதாதவர்கள் மாணவர்கள் அல்லர்.

கதவு திறந்தபின் என்ன நடந்தது என்பதையும் கூறாவிடின் நாம் வரைந்ததும் ஜோன் வெய்ன் காட்டிய வண்டிகளைப் போலாகிவிடும். 2009 ஏப்பிரல் 20ஆந் தேதி புதுமாத்தளனில் படையினர் மண்ணணையை உடைத்தபோது, அடுத்த சில நாட்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்தனர். அவர்களை முட்கம்பி வேலியிட்ட முகாம்களிலே அடைத்தார்கள். அவற்றுட் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. மே மாத நடுப்பகுதியில் எஞ்சியோர் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து நடந்தனர். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததாகச் சனங்கள் சொல்கின்றனர். அதனை நம்பிப் பெற்றோர் தம் பிள்ளைகளையும் மனைவியர் தம் கணவரையும் கையோடு அழைத்துச் சென்று படையினரிடம் ஒப்படைத்தனர். சிலர் கைக்குழந்தைகளுடன் பேருந்தில் ஏற்றப்பட்டனர். அவர்களுட் பலர் பின்னர் காணப்படவில்லை.

2017 பெப்ரவரி 20ஆந் தேதி, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கொட்டகையிலே படங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆண்டுக்கணக்காக, பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்கள் அமர்ந்திருந்தனர். ஸ்கந்தபுரத்திலிருந்தும் அக்கராயனிலிருந்தும் பஸ் ஏறிச் சென்று அமர்ந்தோரும் அவர்களுள் உண்டு. விடை அறியாமலே பலர் இறந்துபோயினர். தம் பிள்ளை வீரனா, தியாகியா என்று அப்பெண்கள் எவரிடமும் கேட்கவில்லை. இன்ன நாள், இன்ன இடத்தில், என் கையால் ஒப்படைத்தேன். எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டார்கள்.